தவிசு, தவிசாளர்: சொல் விளக்கம்

இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் 'பிரதேச சபைத் தவிசாளர்' (உள்ளாட்சி அவை ஒன்றின் தலைவர்) என்ற தொடரைக் காணும் தமிழ்நாட்டு வாசகர் பலர், அது ஏதோ இலங்கை அரசு புதிதாக ஆக்கிய சொல் என்று நினைத்துவிடுகிறார்கள். பதவிப்பெயர் புதியதாக இருக்கலாம்; அதற்குள் இருக்கும் 'தவிசு' பழைய இலக்கியச் சொல். தவிசு என்றால் இருக்கை.

அகராதிகள் இதற்குத் தடுக்கு, பாய், மெத்தை, பீடம் என்று பல பொருள்களைத் தருகின்றன. அமர்வதற்காக விரிப்பதும் இடுவதும் எல்லாம் தவிசுதான். தரையில் இடும் தடுக்குக்கும் அரசன் அமரும் பீடத்துக்கும் ஒரே சொல் வழங்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நான்முகனையும் திருமகளையும் தாமரைத் தவிசில் அமர்ந்தவர்களாகப் பாடுவது புலவர் மரபு. கந்தபுராணத்தில் முருகனின் தூதராகச் சூரபதுமனின் அவைக்குள் நுழையும் வீரவாகுவுக்கு அங்கே யாரும் இருக்கை தரவில்லை. முருகன் அருளால் மணித்தவிசு ஒன்று தானாகவே வந்து சேர, அவர் அதில் அமர்ந்து தூதுரை சொல்கிறார். நின்றபடி பேசினால் பணியாள். இருக்கையில் அமர்ந்து பேசினால் நிகரானவர். அவையில் தவிசுக்கு இருந்த மதிப்பு அது.

இதே பொருட்பரப்பில் வேறு சொற்களும் உண்டு. அரி என்றால் சிங்கம். சிங்கம் தாங்கும் அணை அரியணை. சிங்காதனம் என்பதும் அதுவே. இன்று உறங்குவதற்கு உரியதாகிவிட்ட கட்டில், சங்க காலத்தில் ஆட்சிக்கும் உரியதாக இருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியன் உயிர்விட்டது அரசுகட்டிலில். களைப்பில் புலவர் மோசிகீரனார் ஏறிப் படுத்துவிட்டது, அரச முரசை வைக்கும் முரசுகட்டிலில். தண்டிக்க வேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவருக்குக் கவரி வீசியதைப் புறநானூற்றின் 50ஆம் பாட்டு சொல்கிறது. பீடிகையின் கதை இன்னும் விந்தையானது. மணிமேகலைக் காப்பியத்தில் அது புத்தர் அமர்ந்த பீடம். இன்றோ 'பீடிகை போடாமல் விஷயத்தைச் சொல்' என்கிறோம். முன்னுரை என்ற பொருள் மட்டுமே பேச்சில் எஞ்சியிருக்கிறது.

தவிசும் வீட்டிலிருந்து போய்விட்டது. தமிழ்நாட்டில் நான்கு கால் கொண்டதை நாற்காலி என்கிறோம். இலங்கையில் அது கதிரை. பார்வைக்குத் தூய தமிழாகத் தெரிந்தாலும், இது போர்த்துகீசியரின் 'கதெய்ரா'. மேசை, அலமாரி, சாவி, சன்னல் ஆகியவையும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே. கதெய்ராவின் மூலம் இருக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அது லத்தீன் வழியாக வந்தது. ஆயரின் இருக்கை அமைந்த தேவாலயத்துக்கு ஆங்கிலத்தில் 'கதீட்ரல்' என்று பெயர் வந்ததும் அதே சொல்லிலிருந்துதான். யாழ்ப்பாணத்து வீட்டின் கதிரையும் சென்னையின் கதீட்ரல் சாலையும் பெயரளவில் உறவினர்கள்.

ஆக, இலங்கைத் தமிழர் உட்காருவது கதிரையில். சபையை நடத்துபவர் தவிசாளர். தவிசு என்பதோடு ஆளர் சேரும்போது குற்றியலுகரம் கெட்டுத் தவிசாளர் ஆகிறது. பிரதேச சபைக்கும் நகர சபைக்கும் தவிசாளர் உண்டு; மாநகர சபையின் தலைமைக்கு முதல்வர் என்று பெயர். அடுத்த நிலையில் இருப்பவர் உப தவிசாளர். நாடாளுமன்றத்திலும் 'குழுக்களின் பிரதித் தவிசாளர்' என்ற பதவி இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த இடத்தில் எழுதுவது 'தலைவர்', பேசுவது 'சேர்மன்'. கட்சியை நடத்துபவரும் தலைவர், ஊராட்சியை நடத்துபவரும் தலைவர், ஒரு மாலைக் கூட்டத்தை நடத்துபவரும் தலைவர் என்றால் செய்தி குழம்பத்தான் செய்யும். அவை நடத்தும் பொறுப்பைத் தனியாகச் சுட்ட தவிசாளர் கைகொடுக்கும். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் என்பது கூடுதல் நன்மை. சேர்மனுக்குத் தமிழ் தேடுபவர்கள் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் அது நாள்தோறும் புழங்குகிறது.

அதற்காக அலுவலகத்துக்கு வாங்கும் சுழல் நாற்காலியைத் தவிசு என்று எழுதுவது பொருந்தாது. அதற்கு நாற்காலி போதும். ரயிலிலும் அரங்கிலும் இருப்பது இருக்கை. தேர்தலில் வென்றவரை 'அரியணை ஏறினார்' என்று எழுதும் பழக்கத்தையும் நாளிதழ்கள் விட்டுவிட வேண்டும். அரியணை முடியாட்சிக்கு உரியது. மக்கள் வாக்களித்து அமர்த்தியவர் பதவியேற்கிறார், பொறுப்பேற்கிறார்; அவைக்குத் தலைமை தாங்கினால் தவிசில் அமர்கிறார்.