சூட்டோடு மல்லுக்கட்டும் லேசர்

ரேடியோ அலை வேண்டுமா, ஆன்டெனாவில் எலெக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். ஒளி வேண்டுமா, கையடக்க லேசர் டயோடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, நொடிக்கு லட்சம் கோடி முறை அதிரும் டெராஹெர்ட்ஸ் அலைதான் நெடுங்காலம் பிடிகொடுக்காமல் இருந்தது.

லேசர் டயோடில் எலெக்ட்ரான் மேல் மட்டத்திலிருந்து கீழே விழும்போது ஒளி பிறக்கிறது. விழும் ஆழத்தைத் தீர்மானிப்பது பொருள். லேசர் டயோடுகளில் பயன்படும் குறைக்கடத்தியான காலியம் ஆர்செனைடில் அந்த ஆழம் 1.42 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்கான அலகு). 1 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானுக்கோ, அதாவது அந்த அலையின் ஒற்றை ஒளித்துகளுக்கோ, 0.004 போதும்! அவ்வளவு சின்னப் பள்ளம் உள்ள, லேசருக்கும் ஒத்துவருகிற பொருளைத் தேடிப் பிடிப்பது லேசல்ல.

சரி, பள்ளத்தை நாமே வெட்டினால்? 1971-இல் காசரினோவ், சுரிஸ் என்ற இரு சோவியத் இயற்பியலாளர்கள் இந்த யோசனையை முன்வைத்தார்கள். காலியம் ஆர்செனைடையும், அதோடு அலுமினியம் கலந்த பொருளையும் சில நானோமீட்டர் தடிமனில் மாற்றி மாற்றி அடுக்கினால், நடுவில் சிக்கிய எலெக்ட்ரானுக்குப் புதிய ஆற்றல் மட்டங்கள் உண்டாகின்றன. அவற்றின் இடைவெளி அடுக்கின் தடிமனைப் பொறுத்தது. மின்னழுத்தம் கொடுத்தால் அந்த மட்டங்கள் படிக்கட்டுபோல் சரியும். ஒரே எலெக்ட்ரான் படிக்கு ஒரு ஃபோட்டானாக உதிர்த்துக்கொண்டே இறங்கலாம். இதுதான் குவாண்டம் அருவி லேசர். 1994-இல் பெல் ஆய்வகத்தில் ஃபைஸ்ட், கபாசோ குழுவினர் அகச்சிவப்பில் இதைச் செய்து காட்டினார்கள். டெராஹெர்ட்ஸுக்கு 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: பீசா, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உருவாக்கிய 4.4 டெராஹெர்ட்ஸ் லேசர். ஆனால் கடுங்குளிரில் வைத்தால்தான் வேலை செய்தது.

ஏன் இந்தக் குளிர்? எனக்கு இந்தக் கதையிலேயே சுவாரசியமான இடம் இதுதான். 4 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 16 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். காலியம் ஆர்செனைடின் படிக அதிர்வு ஒன்றை எழுப்ப 36 தேவை. குளிரில் எலெக்ட்ரானிடம் அவ்வளவு இருக்காது. வேறு வழியின்றி ஒளியை உமிழும். அறை வெப்பநிலையிலோ சூடே அதற்குச் சராசரியாக 26 கொடுத்துவிடுகிறது. பதினாறோடு அதையும் கூட்டிப் பாருங்கள், 36 தாண்டிவிட்டது. அப்புறம் என்ன, எலெக்ட்ரான் படிகத்தை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு, ஒளி தராமலேயே கீழே குதித்துவிடும்.

எலெக்ட்ரானைச் சிறைப்படுத்தும் அலுமினிய அடுக்குகளின் ஆற்றல் தடுப்பை உயர்த்தி, தேவையற்ற மட்டங்களை ஒதுக்கி, எம்.ஐ.டி.யும் வாட்டர்லூ பல்கலைக்கழகமும் 2020-இல் 250 கெல்வின் வரை எட்டின. அதாவது மைனஸ் 23 டிகிரி செல்சியஸ். சின்ன மின்குளிரூட்டியே போதும்.

தொல்லை தரும் இதே சின்ன ஃபோட்டான் வேறோர் இடத்தில் கைகொடுக்கிறது. ஒளியும் எலெக்ட்ரானும் ஆற்றலைக் கைமாற்றும் வேகத்தை ஒளியின் அதிர்வெண்ணோடுதான் ஒப்பிடுவார்கள். அதிர்வெண் குறைவு என்றால் விகிதம் தானாகவே கூடும். பத்தில் ஒரு பங்கைத் தொட்டாலே அதிவலுப் பிணைப்பு என்கிறார்கள். 2012-இல் சூரிக்கின் இ.டி.எச். பல்கலைக்கழகக் குழு, காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களை நுண்ணிய உலோக வளையங்களோடு சேர்த்து, பாதியையும் தாண்டியது. அந்தச் சோதனையும் குளிரில்தான்.