ஊதுகுழிவாடி: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் இன்பிளேற்றபிள் மிரர். விண்வெளித் தொலைகாட்டிக்காக வடிவமைக்கப்படும், வாயு நிரப்பி விரிக்கிற மென்படல ஆடி. எடைதான் இதன் முழு நியாயம். ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் 2.4 மீற்றர் முதன்மை ஆடி மட்டும் ஏறத்தாழ 828 கிலோ. 1996 மே மாதம் எண்டவர் விண்ணோடப் பயணத்தில் விரித்துப் பார்க்கப்பட்ட 14 மீற்றர் ஊது அலைவாங்கியோ, 28 மீற்றர் நீளமான மூன்று கால்களோடும் சேர்த்துச் சுமார் 60 கிலோ.

இலத்தீன் ‘இன்பிளாரே’ என்றால் உள்ளே ஊதுதல். தமிழில் ‘ஊது’ அதற்கு நேராகவே நிற்கிறது. மற்றப் பாதியில்தான் கவனம் வேண்டும். கண்ணாடி என்பது கண் + ஆடி. உருக்காட்டும் பரப்பு ஆடி. இன்று கண்ணாடி என்றால் யன்னலில் பதிக்கும் பொருளும் மூக்கில் போடுவதும் அதுவே. இந்தக் கருவியில் அந்தப் பொருள் துளியும் இல்லை, அலுமினியம் பூசிய பொலியெஸ்டர் அல்லது பொலிஇமைட்டுப் படலம்தான். ஆகவே ஆடி. ‘பலூன் ஆடி’ என்பதும் பொருந்தாது: 1960இல் ஏவிய எக்கோ 1 என்ற 30.5 மீற்றர் உருண்டைச் செய்மதிதான் பலூன், அதன் வெளிப்புறமே வானொலி அலைகளைத் தெறித்தது. இதில் ஒளி முன்பக்கத்துத் தெளிந்த படலத்தினூடே புகுந்து, பின்படலத்தின் உட்குழிவில் தெறிக்கிறது. எங்கள் பாடநூல்களின் குழிவாடி இதற்குச் சரியாகப் பொருந்தும்.

ஊதுகுழிவாடி, ஊதுகுழல் போல வினைத்தொகை. இடையில் ‘க்’ மிகாது. ஊதிய, ஊதுகின்ற, ஊதும் என்று முக்காலமும் இதில் அடங்கும். பொறியியலும் அப்படியே. நுண்விண்கற்கள் துளைத்துக்கொண்டே இருப்பதால், கசிவை ஈடுசெய்ய மேலதிக வாயு கொண்டுபோக வேண்டும். எக்கோ 2 (1964) வேறு வழியில் போனது: இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்ரிக் படலம், ஒருமுறை ஊதி உலோகத்தை இழுத்துவிட்டால் வாயு போனாலும் வடிவம் நிற்கும். கோளத்துக்கு அது போதும், துல்லியமான ஆடிக்குப் போதாது.

தேவைப்படும் அமுக்கம் மிகச் சிறியது. படலத்தை இழுத்துப் பிடிக்கும் தகைப்பு = அமுக்கம் × வளைவாரை ÷ (2 × தடிப்பு). 28 மீற்றர் வளைவாரை, 6.35 மைக்ரோமீற்றர் படலம், 2 பஸ்கால் அமுக்கம் என்றால் தகைப்பு 4.4 மெகாபஸ்கால். அமுக்கம் குறைந்தால் மடிப்புச் சுருக்கம் போகாது. கூடினால் ஒட்டுத் தையல் விடும், கசிவும் ஏறும். கொழும்பில் அடைத்த மிக்சர் பக்கட் நுவரெலியாவில் உப்பி நிற்பதற்குக் காரணமான வித்தியாசம் ஏறத்தாழ 20,000 பஸ்கால். அதனால்தான் மடிப்புக்குள் தங்கிய கொஞ்சக் காற்றும் வெற்றிடத்தில் பெருந்தொல்லை. 1996 சோதனையில் அந்தக் காற்று விரிந்து, திட்டமிட்ட ஒழுங்கு குலைந்தது. விளிம்பு வளையமும் கால்களும் இறுதியில் வடிவத்துக்கு வந்தன; அலைகளைத் தெறிக்கும் ஆடிப் பகுதி முழுமையாக ஊதவில்லை.

உண்மையான சிக்கல் வடிவம். தட்டையான படலத்தை ஊதினால், இணைகதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளைவு வராது; 1915இல் ஹெங்கி என்ற ஜேர்மன் பொறியியலாளர் கணித்த வேறொரு வளைவு வரும். பரவளைவோடு ஒப்பிட்டால் பிழை ‘டபிள்யூ’ எழுத்துப் போல இருக்கும். அச்சில் வார்த்த படலம், விளிம்பை இழுத்துச் சீராக்கல், பின்னால் திருத்த ஆடி என்பவை மருந்துகள். பிழை அலைநீளத்தின் இருபதில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும்: கட்புல ஒளிக்கு 25 நானோமீற்றர், 100 மைக்ரோமீற்றர் அலைக்கு 5 மைக்ரோமீற்றர். இப்போதைக்கு நீண்ட அலைகளே இதற்கு ஏற்றவை என்பது எங்கள் கணிப்பு.

வகுப்பில் செய்துகாட்ட 30 சென்ரிமீற்றர் வாயுள்ள, 5 லீற்றர் கொள்ளும் பேசின் போதும். வெள்ளிநிறப் பொலியெஸ்டர் தாளைச் சுருக்கமின்றி இழுத்து, விளிம்பு முழுவதும் இரட்டைப்பக்க ரேப்பால் ஒட்டுங்கள். பக்கத்துத் துளையில் குழாய், அதில் ஒரு சிறு வால்வு, 50 மில்லிலீற்றர் சிரிஞ்சு. சுமார் 180 மில்லிலீற்றர் உறிஞ்சினால் நடு 5 மில்லிமீற்றர் தாழும். குவியத்தூரம் = ஆரையின் வர்க்கம் ÷ (4 × தாழ்வு), அதாவது 112 சென்ரிமீற்றர். தூரத்து விளக்கை வைத்து அளக்கலாம். வெயிலில் திருப்பவே வேண்டாம், குவியத்தில் தீப்பிடிக்கும். ஹற்றனிலோ நானுஓயாவிலோ காலைக் குளிரில் செய்தால், அறை 1 பாகை சூடேறும்போது உள்ளே காற்று சுமார் 17 மில்லிலீற்றர் விரியும், குவியமும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தள்ளிப்போகும். அளக்கும் முன் மீண்டும் உறிஞ்சிச் சரிசெய்யுங்கள்.