தூங்கும் வைரஸை எழுப்பிவிடும் மருந்து

டொரன்டோவில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அக்கா மகளுக்கு நான்கு வயது. சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கர் சாப்பிட்ட சில நாட்களில் வயிற்றுவலி, இரத்தமும் பேதியும். பரிசோதனையில் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா என்று வந்தது. மருத்துவர்கள் ஆண்டிபயாடிக் தராமல் சலைன் மட்டும் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் சிறுநீரகம் படுத்துவிட, டயாலிசிஸ் வரை போயிற்று. “அன்றைக்கே மருந்து கொடுத்திருந்தால் பிள்ளை இவ்வளவு பட்டிருப்பாளா?” என்று கேட்கிறார்.

கோபம் நியாயமானது. ஆனால் மருத்துவர்கள் செய்தது சரிதான்.

ஈ.கோலையில் பெரும்பாலானவை நம் குடலில் சாதுவாக வாழ்கின்றன. ஓ157 ரகம் மாட்டின் குடலில் இருக்கும், மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. இறைச்சி வெட்டும்போது மேலே ஒட்டும், அரைத்தால் உள்ளே கலந்துவிடும். அதனால்தான் அரைத்த இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்கிறார்கள். சரி, இதெல்லாம் தெரிந்த கதை.

சிறுநீரகத்தைக் கெடுப்பது பாக்டீரியா அல்ல, அது வெளியிடும் ஷிகா நச்சு. அந்த நச்சுக்கான மரபணுவும் பாக்டீரியாவுக்குச் சொந்தமில்லை! பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸ் ஒன்று தன் டிஎன்ஏவை இதன் டிஎன்ஏவுக்குள் செருகிவிட்டுத் தூங்குகிறது. நச்சு மரபணு அந்த ஃபேஜுடையது. ஃபேஜின் மரபணுக்களை எழவிடாமல் ஒரு புரதம் அடக்கி வைத்திருக்கும். பாக்டீரியாவின் டிஎன்ஏ சேதமானால் ரெக்ஏ என்ற புரதம் அபாயத்தை உணர்ந்து செயல்படத் தொடங்கும். அது தூண்டியதும் அடக்கி வைத்த புரதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். ஃபேஜ் விழித்துவிடும். தன் நகல்களைக் குவிக்கும், கூடவே நச்சும் ஏராளமாக உருவாகும். கடைசியில் பாக்டீரியாவை வெடிக்கச் செய்து எல்லாம் வெளியே கொட்டும். மூழ்கப்போகும் கப்பலை வைரஸ் முன்கூட்டியே மோப்பம் பிடித்துத் தப்பிக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடம் சலிப்பதில்லை.

இப்போது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக்கை நினைத்துப் பாருங்கள். அது பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தித்தான் கொல்கிறது. அதாவது ஃபேஜ் காத்திருக்கும் அதே சமிக்ஞையை மருந்தே கொடுத்துவிடுகிறது. 2000-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஓ157 தொற்றிய 71 குழந்தைகளைக் கவனித்தார்கள். ஆண்டிபயாடிக் பெற்ற 9 பேரில் 5 பேருக்குச் சிறுநீரகச் சிக்கல் வந்தது. பெறாத 62 பேரிலும் 5 பேருக்குத்தான். சிறிய ஆய்வுதான், எல்லா ஆண்டிபயாடிக்கும் ஒரே மாதிரி தூண்டுவதும் இல்லை. ஆனாலும் குழந்தையின் உயிரை வைத்து யாரும் துணிய மாட்டார்கள்.

வெளியே வந்த நச்சு, சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்ச் செல்களில் உள்ள ஜிபி3 என்ற கொழுப்பைப் பிடித்து உள்ளே நுழையும். செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்என்ஏவில் ஆயிரக்கணக்கான எழுத்துகளில் அடினின் என்ற ஒரே ஓர் எழுத்தை நீக்கும். அவ்வளவுதான், அந்த ரைபோசோம் இனிப் புரதம் செய்யாது. நம் ஆமணக்கு விதையின் ரிசின் நச்சு நீக்குவதும் அதே அடினினைத்தான். அப்புறம் குழாய்ச் சுவர் கெட்டு, உறைகட்டிகள் அடைத்து, சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீரகம் நின்றுபோகும்.

1950-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆந்த்ரே ல்வோஃபும் கூட்டாளிகளும் புற ஊதா ஒளி பாய்ச்சி, தூங்கும் ஃபேஜை எழுப்பிக் காட்டினார்கள். யாருடைய சிறுநீரகத்தையும் நினைத்து அதைச் செய்யவில்லை. ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணத்தை நிறுத்துகிறவர்களிடம் எனக்குக் கடும் வருத்தம் உண்டு. ஓ157 போன்ற கிருமிகளுக்கும் இந்தச் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை மொகமது கர்மாலி குழு 1983-ல் நிறுவியதும் இதே டொரன்டோவில்தான்.

நம் ஊரில் இரத்தபேதிக்கு ஷிகெல்லா பாக்டீரியா முக்கியமான காரணம். அதற்கு ஆண்டிபயாடிக் அவசியம். ஆகவே எது என்று மலப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், மருந்துக்கடைக்காரர் அல்ல. பேதியை நிறுத்தும் மாத்திரையும் இரண்டிலும் கூடாது, நச்சு குடலிலேயே தங்கிவிடும்.

வாசகிக்கு: டயாலிசிஸ் வரை போன குழந்தைகளிலும் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். அக்கா மகள் வீடு திரும்பிய பிறகும் சில வருடங்கள் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் விடாமல் பார்த்து வரச் சொல்லுங்கள்.