இலையுதிர்கால விருந்து: மருந்துக்கடை கவுன்டரிலிருந்து பார்த்தால்

செப்டம்பர் பாதி தாண்டினால் எங்கள் மருந்துக்கடையில் கேட்கப்படும் சரக்கு கொஞ்சம் மாறும். கடை இருப்பது ஷ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து ஊரில். இருமல் மருந்துக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவே, “சனிக்கிழமை வீட்டில் விருந்து, பிரெட்செல் சுடப்போகிறோம், லவுகே கிடைக்குமா?” என்று ஒருவராவது வந்து நிற்பார். பிரெட்செல் என்பது முடிச்சு வடிவ ரொட்டி; சுடுவதற்கு முன் அதைத் தோய்க்கும் லவுகே என்ற காரக் கரைசலை ஜெர்மனியில் மருந்துக்கடையில் வாங்கலாம். நீல-வெள்ளைக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, பூசணிக்காய்கள், உப்புத் தூவிய பிரெட்செல், வெங்காய கேக், புது ஒயின் என்று இந்தப் பருவத்து விருந்துகள் அழகானவை. இப்போது இங்கே குடியேறிய நம் குடும்பங்களும் அலுவலக நண்பர்களை அழைத்து இதையெல்லாம் செய்கிறார்கள். நல்ல விஷயம்தான்.

பீர் பற்றி எல்லோரும் எச்சரித்துவிடுகிறார்கள். அதனால் அதில் பெரிதாக ஏமாறுகிறவர்கள் குறைவு. இந்தப் பருவத்தில் நாங்கள் கவலைப்படுவது வேறு வகை. ஒரு பொருள் கடையில் இருக்கும்வரை அதற்கென்று ஒரு புட்டி, ஒரு லேபிள், ஒரு கூடை உண்டு. விருந்துக்காக வீட்டில் அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுகிறோம். அத்தோடு அது என்ன பொருள் என்ற தகவலும் தொலைந்துபோகிறது.

லவுகேயையே எடுத்துக்கொள்ளுங்கள். அது காஸ்டிக் சோடா கரைசல்; பேக்கரிக்காரர்கள் 3 முதல் 4 சதவீத அளவில் பயன்படுத்துவார்கள். சுட்டு முடித்த பிரெட்செல்லில் அதனால் ஆபத்தில்லை. அடுப்புச் சூட்டில் மாவோடும் காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடோடும் சேர்ந்து அது மாறிவிடும். அந்தப் பழுப்பு மினுமினுப்பும் தனி மணமும் அதனால் வருவதுதான். ஆனால் சுடுவதற்கு முன் அது தோலையும் கண்ணையும் அரிக்கிற திரவம். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், வாசனையும் கிடையாது. நாங்கள் தரும் புட்டியில் அரிப்புச் சின்னம் இருக்கும், குழந்தை திறக்க முடியாத மூடி இருக்கும். வீட்டில் நடப்பது என்ன? மீதியை “அடுத்த தடவைக்கு ஆகும்” என்று காலி மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜ் கதவில் வைத்துவிடுவது. கண்டிப்பாக வேண்டாம். இப்படிப்பட்ட பொருட்களை உணவுப் பாத்திரம் போலத் தெரியும் எதிலும் வைக்கக்கூடாது என்று தொழில் இடங்களுக்குச் சட்டமே இருக்கிறது. வீட்டுக்கு வந்து சோதிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் செய்தே ஆக வேண்டும் என்றால் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கரைசல் குளிர்ந்தே இருக்கட்டும், சூடாக்க வேண்டாம். பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ ஆகட்டும். அலுமினியம் மட்டும் கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கரைந்த அலுமினியம் பிரெட்செல்லோடு வயிற்றுக்குப் போகும். பூச்சில்லாத அலுமினியத் தட்டில் நேரடியாக வைத்துச் சுடுவதும் இதே கணக்கில்தான் சேரும். நடுவில் பேக்கிங் தாள் போடுங்கள். கட்டியாக வாங்கி வீட்டிலேயே கரைக்கிறவர்கள் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

கண்ணில் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது இன்னொருவர் வேலை. கழுவுவதை நிறுத்திவிட்டு போனைத் தேடாதீர்கள். வாயில் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. போகும்போது அரித்தது வரும்போதும் அரிக்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கொடுத்துச் “சரிக்கட்ட” நினைப்பதும் தப்பு. வாயைக் கொப்பளிக்கச் செய்து, ஒன்றிரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவசர எண் 112-ஐ அழையுங்கள்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீடு என்று தெரிந்தால் நான் லவுகே விற்பதைவிட சமையல் சோடாவைத்தான் சிபாரிசு செய்வேன். கொதிக்கும் தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு (மொத்தமாகப் போட்டால் பொங்கி அடுப்பெல்லாம் வழியும்) பிரெட்செல்லை அரை நிமிடம் முக்கி எடுத்தால் போதும். நிறம் கொஞ்சம் மட்டுதான். ஷ்வாபியர்கள் (இந்த வட்டாரத்து மக்கள்) முகம் சுளிப்பார்கள். அவர்கள் பிரெட்செல் வயிற்றைக் கத்தியால் கீறியிருக்கிறோமா, கை மெலிதாக இருக்கிறதா என்பதற்கே சுளிப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்தது மேசை அலங்காரம். இந்தப் பருவத்து விழாக்களின் வேரே அறுவடைதான். 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் 1816-ல் ஐரோப்பாவின் பல பகுதிகளில் கோடையே வரவில்லை; எங்கள் வட்டாரமான வூர்ட்டம்பெர்க்கில் பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சம் நீங்கியபின் 1818-ல் அரசர் முதலாம் வில்ஹெல்ம் கான்ஸ்டாட்டில் தொடங்கிவைத்த விவசாய விழாதான் ஷ்டுட்கார்ட்டில் இன்றும் நடக்கும் ஃபோல்க்ஸ்ஃபெஸ்ட் (மக்கள் திருவிழா). காய்கனிகளால் அலங்கரித்த உயரமான தூண் அங்கே இன்றும் நிற்கிறது. வீட்டு விருந்திலும் அதே பாணியில் பூசணி, சோளக்கதிர், காட்டுப் பழங்கள், கொட்டைகள் என்று மேசை நிறைய அடுக்குகிறார்கள். அதில் எது உணவு, எது அலங்காரம் என்று குழந்தைக்கு யார் சொல்வது?

சந்தையில் பல வண்ணத்தில் கழுத்து வளைந்து, கரடுமுரடாக விற்கும் குட்டிப் பூசணிகள் அலங்காரத்துக்கு மட்டுமே. அவற்றில் குகுர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு இருக்கிறது. வேகவைத்தாலும் அது போகாது. உண்ணும் பூசணியும் இவையும் ஒரே கூடையில் இருந்தால், விருந்து முடிந்த மறுநாள் “வீணாக்குவானேன்” என்று யாரோ சூப் வைத்துவிடுவார்கள். நன்றாக உள்ள பூசணியைத் தூக்கிப் போட நமக்கு மனசு வராதே. தோட்டக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அலங்காரப் பூசணிக்குப் பக்கத்தில் வளர்ந்த பூசணி, சுக்கினியின் விதையை எடுத்து வைத்து அடுத்த வருஷம் போட்டால், மகரந்தம் கலந்து காய் கசப்பாகலாம். 2015-ல் இதே வூர்ட்டம்பெர்க்கின் ஹைடன்ஹைமில், தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்துபோனார்.

நமக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. கசப்பு என்றால் உடம்புக்கு நல்லது என்பது நம் வளர்ப்பு. பாகற்காய்க் கசப்பு வேறு கணக்கு. ஊரில் கசக்கும் சுரைக்காயைச் சாறு பிழிந்து குடித்தவர்கள் ரத்த வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனதும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எச்சரிக்கை விட்டதும் இதே நச்சால்தான். பூசணி சூப்புக்கு வெட்டும்போது பச்சையாக ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் முழுக்காயையும் எறியுங்கள். மிளகும் இஞ்சியும் போட்ட பின் பார்த்தால் தெரியாது.

கொட்டைகளிலும் இப்படித்தான். தெருவோரம் உதிர்ந்து கிடக்கும் பளபளப்பான பழுப்புக் கொட்டை பெரும்பாலும் குதிரைக் கஷ்கொட்டை; சாப்பிடக்கூடாது. உண்ணும் கஷ்கொட்டையின் நுனி கூராக, சின்னக் குஞ்சத்தோடு இருக்கும். அதன் மேலோடு முள்ளெலி மாதிரி நெருக்கமான ஊசிகளால் ஆனது, உள்ளே இரண்டு மூன்று கொட்டை. குதிரைக் கஷ்கொட்டை உருண்டை, மேலோட்டில் முள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அதன் சாற்றிலிருந்து எடுக்கும் மாத்திரை எங்கள் அலமாரியில் கால் வீக்கத்துக்காக இருக்கிறது; அதனால் கொட்டையைத் தின்றாலும் நல்லது என்று வாதாடியவர்களும் உண்டு. மாத்திரையில் சுத்திகரித்து அளந்த சாறு. கொட்டையைத் தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும்.

பூச்சாடிக்கு வருகிறேன். அக்டோபர் புல்வெளியில் இலையில்லாமல் தரையிலிருந்து நேராக முளைத்து நிற்கும் இளம் ஊதாப் பூவைப் பறித்து வந்து வைக்காதீர்கள். அது ஹெர்ப்ஸ்ட்ஸைட்லோசெ. செடி முழுக்கக் கொல்கிசின். நம் செங்காந்தளில் இருக்கும் அதே நஞ்சு. சிவப்புப் பழத்தோடு அழகாகத் தெரியும் ஐபெ (ஆங்கிலத்தில் யூ) மரக் கிளையும் வேண்டாம். பழத்தின் சதையைத் தவிர விதை, இலை எல்லாமே விஷம்.

காளான் விஷயத்தில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். விருந்துக்கு வருகிறவர் காட்டில் பொறுக்கிய காளானைக் காகிதப் பையில் பரிசாகக் கொண்டுவருவது இங்கே சகஜம். நம் ஆட்களுக்கு மறுக்க வராது. வாங்கி வெங்காயத்தோடு வதக்கிவிடுவார்கள். பச்சைத் தொப்பிக் கொலைக்காளான், அதாவது க்னோலன்பிளெட்டர்பில்ட்ஸ், ஒன்றே ஒன்று கலந்திருந்தால்கூடப் பெரியவர் ஒருவரின் கல்லீரல் போய்விடலாம். இதன் மொட்டு, நாம் ஊரில் தின்று பழகிய வைக்கோல் காளானின் மொட்டைப் போலவே இருக்கும். ஆகவே “எனக்குக் காளான் தெரியும்” என்கிற ஆசியர்களுக்குத்தான் பயம் அதிகம். 2015 இலையுதிர் காலத்தில் ஜெர்மனிக்குப் புதிதாக வந்த அகதிகள் பலர் இதில் சிக்கி, ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனை பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டி அடிக்க வேண்டியிருந்தது.

இதன் சூழ்ச்சி நேரத்தில் இருக்கிறது. சாப்பிட்ட 6 மணி நேரத்துக்கு அப்புறம்தான், சில சமயம் ஒரு நாள் கழித்துதான், வாந்தி பேதி ஆரம்பிக்கும். பிறகு குணமானது போல ஒரு நாள் இருக்கும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். “மில்க் திஸில் செடி மாத்திரை இருக்கிறதா, கல்லீரலுக்கு நல்லதாமே” என்று கேட்கிறார்கள். காளான் நஞ்சுக்கான மருந்தும் அதே செடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆனால் அது மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் ஊசி. எங்கள் அலமாரி மாத்திரை அந்த வேலையைச் செய்யாது. விருந்துக்குக் கடைக்காளான் போதும்.

இனி புது ஒயின். ஃபெடர்வைஸர் என்று செப்டம்பரில் வரும் கலங்கல் பானம், பாதி நொதித்த திராட்சைச் சாறு. குடித்தால் ஜூஸ் மாதிரிதான் இருக்கும். விற்பனைக்கு வரும்போது 4 சதவீத ஆல்கஹால் இருந்தாலும், நொதிப்பு நிற்காததால் நாளாக ஆக 10 சதவீதம்வரை ஏறும். மூடியை வேண்டுமென்றே தளர்வாகத்தான் வைத்திருப்பார்கள். வாயு வெளியேற வேண்டுமே. இறுக்கி மூடினால் கண்ணாடி வெடிக்கும், படுக்கவைத்தால் கார் டிக்கி முழுக்க ஊற்றிவிடும். நிமிர்த்தி, ஃபிரிட்ஜில்.

இதை அழகான கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி ஆப்பிள் ஜூஸுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் பிரச்சினை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் “சாறுதானே” என்று இரண்டு டம்ளர் குடிப்பார். அவர் பையில் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை இருக்கும். நம் ஊர் சர்க்கரை நோயாளிகளிடம் நான் அதிகம் பார்ப்பது அந்தச் சேர்க்கைதான். இனிப்பினால் முதலில் சர்க்கரை ஏறும், அதைப் பார்த்துக் கூடுதல் மாத்திரை போட்டால் ஆபத்து. ஆல்கஹால் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்கவிடாது. கிளிமெபிரைடு இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, குழறல், தள்ளாட்டம் எல்லாம் போதை மாதிரியே தெரிவதால் வீட்டில் தூங்கவிட்டுவிடுவார்கள். குடிப்பதென்றால் உணவோடு மட்டும்தான்; படுக்கப்போகும் முன் சர்க்கரையை ஒரு தடவை சோதித்துப் பார்த்து, தேவையானால் ரொட்டி சாப்பிட்டுப் படுக்கட்டும்.

“இன்றைக்கு ஒரு நாள் மாத்திரையை விட்டுவிட்டுக் குடிக்கலாமா?” என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. மாத்திரையை நிறுத்துவது அதற்கு வழியில்லை. மெட்ஃபார்மின், தூக்க மாத்திரை, மெட்ரோனிடசோல் (ஒரு ஆன்டிபயாடிக்) எடுப்பவர்கள் முதலிலேயே எங்களிடமோ டாக்டரிடமோ கேட்டுவிடுங்கள். மறுநாள் தலைவலிக்குப் பாரசிட்டமால் எடுக்கும்போது அளவு மீற வேண்டாம்.

குடிக்காதவர்களும் கவனிக்க வேண்டும். கருங்காட்டு செர்ரி கேக்கில் செர்ரி மதுவின் சுவை தெரிந்தே ஆக வேண்டும் என்பது இங்குள்ள விதி. ஒபாட்ஸ்டா என்னும் பாலாடைக்கட்டி விழுதில் ஒரு மடக்கு பீர் விடுவார்கள். அது கர்ப்பிணிகளுக்கும் ஒத்துவராது, அதிலும் காய்ச்சாத பால் கட்டியில் செய்திருந்தால் லிஸ்டீரியா என்ற கிருமி பயம். வெங்காய கேக்கில் பன்றி இறைச்சித் துண்டு ஒளிந்திருக்கும், சிவப்புக் கோசில் பன்றிக் கொழுப்பு. மெட் எனப்படும் பச்சைப் பன்றிக் கொத்துக்கறியைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்கவே வேண்டாம். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டால் யாரும் யாரையும் கேட்டுச் சங்கடப்பட வேண்டாம்.

மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பைக் கராஜுக்குள் இழுக்காதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு தேங்கும். வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியாது.

ஏதாவது நேர்ந்து, ஆள் நினைவோடு இருந்தால் நச்சுத் தகவல் மையத்தை அழையுங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் இருப்பவர்களுக்கு ஃப்ரைபர்க், 0761 19240. பவேரியாவில் இருந்தால் மூனிச், 089 19240. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். யார், என்ன வயது, எடை எவ்வளவு, எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். புட்டியையோ மிச்சமிருக்கும் செடித் துண்டையோ கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். காளானாக இருந்தால் சமைத்த மிச்சம், குப்பையில் கிடக்கும் தண்டு, வாந்தி எதையும் கொட்டாமல் ஒரு டப்பாவில் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மயக்கம், மூச்சுத் திணறல், வலிப்பு என்றால் நேராக 112.