வேலன்டைன்ஸ் டே – காதலர் நாள்

பிப்ரவரி 14ஆம் நாளைப் பல நாடுகளில் ‘வேலன்டைன்ஸ் டே’ என்று கொண்டாடுகிறார்கள். காதலுக்கென்றே அமைந்துவிட்ட அந்தப் பெயரின் வேரில் காதல் என்ற பொருள் இல்லை என்பதை முதலில் அறிந்துகொண்டால்தான் அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பது விளங்கும்.

வேலன்டைன் என்பது ‘வலென்டினுஸ்’ என்னும் உரோமானிய ஆண்பாற் பெயரின் ஆங்கில வடிவம். வலிமையோடும் நலத்தோடும் இருத்தலைக் குறிக்கும் ‘வலேரே’ என்ற இலத்தீன் வினையே அதன் வேர். கைப்பேசிக்குப் பணம் கட்டியதும் எத்தனை நாள் என்று பார்க்கிறோமே, அந்த ‘வேலிடிட்டி’யும் இதே வேரில் கிளைத்ததுதான். நம் ‘வல்’, ‘வலிமை’ ஆகிய சொற்களோடு ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கற்பிப்பது சொல்லாய்வுக்கு அழகன்று.

இப்பெயர் கொண்ட கிறித்தவ மறைசாட்சி (சமயத்துக்காக உயிர் துறந்தவர்) ஒருவர் 3ஆம் நூற்றாண்டில் உரோமில் கொல்லப்பட்டார் என்பது மரபு. அவர் மறைவாகத் திருமணங்கள் நடத்திவைத்தார் என்பது பிற்காலத்தில் சேர்ந்த கதை. அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை மிகச் சில என்பதால், கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் தன் பொது நாட்காட்டியிலிருந்து அவர் விழாவை நீக்கியது.

காதல் இப்பெயருக்குள் வந்தது கவிதை வழியாகத்தான். 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர், புனித வேலன்டைன் நாளில் பறவைகள் கூடித் தத்தம் துணையைத் தேர்ந்தெடுப்பதாகப் பாடினார். அந்நாளைக் காதலோடு இணைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. பிறகு ஒரு புனிதரின் பெயர் காதலுக்குரியவரையே குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. 1477 பிப்ரவரியில் மார்ஜரி புரூஸ் என்ற ஆங்கிலப் பெண், தான் மணக்கவிருந்த ஜான் பாஸ்டனை ‘என் பேரன்புக்குரிய வேலன்டைன்’ என்று விளித்துக் கடிதம் எழுதினார். தந்தை தரும் சீர்ப்பணம் போதவில்லை என்று திருமணப் பேச்சு இழுபறியில் இருந்த நேரம் அது. உண்மையில் அன்பிருந்தால் அதற்காக என்னைக் கைவிட மாட்டீர்கள் என்று அவர் எழுதியிருப்பதை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. இருவரும் அவ்வாண்டே மணந்துகொண்டனர். பின்னாளில் இத்தகைய வாழ்த்து மடலுக்கும் ‘வேலன்டைன்’ என்றே பெயர் வந்தது.

ஆகவே தமிழில் பெயரை ஒலிபெயர்ப்பதைவிட நாளின் பொருளைச் சொல்வதே முறை. ‘காதலர் தினம்’ என்பது பரவலான வழக்கு. அதில் ‘தினம்’ வடசொல். ‘காதலர் நாள்’ என்றால் முழுவதும் தமிழாகிறது, சொல்லவும் எளிது. ‘காதலர்’ என்பது இருபாலாரையும் குறிக்கும். பன்மையாகவும் வரும், ஒருவரை மதித்துச் சொல்லும் உயர்வுப்பன்மையாகவும் வரும். திருக்குறளின் 1127ஆம் குறளில் தலைவி, தன் காதலவர் கண்ணுக்குள்ளேயே இருக்கிறார், மை தீட்டினால் மறைந்துபோவார், அதனால் மை எழுதமாட்டேன் என்கிறாள். அங்கே ‘காதலவர்’ என நிற்கும் அந்த ஒற்றை மனிதருக்கு வேலன்டைன் என்ற சொல் தரும் பொருள் அனைத்தும் உண்டு.

எனவே நாளுக்குக் ‘காதலர் நாள்’ என்றும், ஆளுக்குக் ‘காதலர்’ என்றும், அன்று அனுப்பும் அட்டைக்குக் ‘காதலர் நாள் வாழ்த்து மடல்’ என்றும் எழுதலாம். கடைசிச் சொல்லைக் ‘காதல் மடல்’ என்று சுருக்கும்போது மட்டும் இடம் பார்க்க வேண்டும். பழந்தமிழில் மடல் என்றதும், காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஊரறிய ஏறிவரும் மடலேறுதலே நினைவுக்கு வரும்.