அறுத்தால் அலறும் கம்பி

வீட்டுக்கு அலாரம் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, சைரன் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கதவிலிருந்து வரும் கம்பியை ஒருவன் அறுத்துவிட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த சாமர்வில் என்னும் ஊரைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853-ஆம் ஆண்டில் மின் அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தவுடன் மின்சுற்று இணைந்து, மின்காந்தம் சிறு சுத்தியலை இழுத்து மணியில் அடிக்க வைப்பது அதன் வேலை. திறந்தால் இணையும் இத்தகைய சுற்றில் ஒரு குறை உண்டு: கம்பியைத் திருடன் அறுத்தாலும் எலி கடித்தாலும் மணி அடிக்காது, அடிக்காததால் வீட்டுக்காரருக்கும் ஒன்றும் தெரியவராது. ஆகவே இன்றைய கம்பிவழி அலாரம் இதற்குத் தலைகீழாக வேலை செய்கிறது. கதவு மூடியிருக்கும்போது சுற்றில் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் காரணத்தால் அது நின்றாலும், அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனல் அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும்.

அந்த ஓட்டத்தைக் கதவருகே காத்து நிற்பது ரீட் ஸ்விட்ச். மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் நிக்கல்-இரும்புக் கலவையாலான இரண்டு தகடுகள், நுனிகள் மயிரிழை இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி அடைக்கப்பட்டிருக்கும். காந்தம் அருகில் வந்தால் ஒரு நுனி வடதுருவமாகவும் மற்றது தென்துருவமாகவும் மாறி ஒட்டிக்கொள்ளும். விலகினால் தகடுகளின் வில்தன்மையே அவற்றைப் பிரித்துவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்ட்டர் எல்வுட் 1930-களில் உருவாக்கிய இந்தச் சின்னக் குழாய்க்குள் தூசியோ ஈரமோ புகாததால், அது பல ஆண்டுகள் உழைக்கும்.

பொருத்தும்போது ஸ்விட்சை நிலையிலும் காந்தத்தைக் கதவிலும் வைக்க வேண்டும். அப்போதுதான் கதவோடு சேர்ந்து கம்பி மடங்கி மடங்கி இற்றுப்போகாது. கீல் பக்கம் வைத்தால் கதவு பாதி திறந்த பிறகும் காந்தம் அதிகம் நகர்ந்திருக்காது என்பதால், தாழ்ப்பாள் பக்கமே சரியான இடம். இரும்புக் கதவாக இருந்தால் காந்தப்புலத்தை இரும்பே தன்வழி இழுத்துக்கொள்ளும். காந்தத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டையோ பிளாஸ்டிக் துண்டையோ வைத்து உயர்த்த வேண்டியிருக்கும். மரக்கதவிலும் தொல்லை உண்டு. ஐப்பசி மழையில் ஊறிப் பருத்த என் வீட்டுப் பின்கட்டுக் கதவு ஒருநாள் முழுதாக நிலைக்குள் அமரவில்லை. நள்ளிரவுக் காற்றில் அது அரை அங்குலம் ஆடியதற்குத் தெருவே விழித்துக்கொண்டது.

கம்பியை அறுப்பதற்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் விவரம் தெரிந்தவன் அறுக்கமாட்டான். இரண்டு கம்பிகளின் உறையையும் சீவி ஒன்றோடொன்று முறுக்கிவிடுவான். கதவு திறந்தாலும் மின்னோட்டம் அந்தக் குறுக்குவழியில் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பிடிக்கத்தான் சுற்றின் கடைசியில் ஒரு மின்தடையம் (ரெசிஸ்டர்) இணைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, பேனலுக்குள் 5.6 கிலோ ஓம் தடையம் ஒன்று, கதவருகே அதே அளவில் இன்னொன்று, மின்னழுத்தம் 12 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சரியாக இருக்கும்போது இரண்டும் அதைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வதால் பேனல் 6 வோல்ட்டை அளக்கும். கம்பி அறுந்தாலோ கதவு திறந்தாலோ 12 ஆகும். கம்பிகள் முறுக்கப்பட்டால் சுழியாகும். 6-ஐ விட்டுக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் எந்தப் பக்கம் விலகினாலும் அலாரம்தான். வேலை எளிது என்பதால் பலரும், சில எலக்ட்ரீஷியன்களும்கூட, இந்தத் தடையத்தைப் பேனல் பெட்டிக்குள்ளேயே முடுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வெளியே கம்பியை எங்கே முறுக்கினாலும் தடையம் சுற்றில் இருந்துகொண்டே இருக்கும், பேனலும் 6 வோல்ட்டைப் பார்த்துத் திருப்தியோடு உட்கார்ந்திருக்கும். பத்து ரூபாய்கூடப் பெறாத அந்தப் பொருளின் இடம் ஸ்விட்சுக்கு அருகில், கம்பியின் கோடியில்.

ஆள் நடமாட்டத்தை உடல் வெப்பத்தைக் கொண்டு உணர, கூடத்தில் பொருத்தும் பிஐஆர் சென்சார் வேறு வகை. நம் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33 பாகை செல்சியஸ். அதிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர் 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் மிகுந்திருக்கும். சென்சாருக்குள் இருக்கும் இரண்டு படிகத் துண்டுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், அறை முழுவதும் ஒன்றாகச் சூடேறினால் ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடும். ஆள் குறுக்கே நடக்கும்போது ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகச் சூட்டை உணர, அந்த வேறுபாடே சைகையாகிறது. நேராகச் சென்சாரை நோக்கி வருபவரை அது தாமதமாகத்தான் உணரும் என்பதால், நுழைபவர் குறுக்கே கடக்கும்படியான மூலையில், ஏழடி உயரத்தில் வைப்பது நல்லது. சித்திரை வெயிலில் சுவரும் ஏறத்தாழ 33 பாகையில் இருக்கும்போது ஆளுக்கும் சுவருக்கும் வேறுபாடு குறைந்து சென்சார் மந்தமாகும். வெப்பத்துக்கு ஏற்ப உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்ளும் வகையை நம் ஊருக்குக் கேட்டு வாங்க வேண்டும்.

பல்லியின் உடல் சுவரின் சூட்டிலேயே இருப்பதால் எதிர்ச்சுவரில் ஓடும் பல்லியைச் சென்சார் பொருட்படுத்தாது. ஆனால் அதே பல்லி சென்சாரின் வெள்ளை வில்லைமேல் ஏறினால் பார்வைப் பரப்பின் பெரும்பகுதியை மறைத்து, ஆள் வந்ததுபோலவே காட்டிவிடும். விளக்குக்குப் பக்கத்தில் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். ஆகவே டியூப்லைட்டுக்கு அருகே சென்சார் வேண்டாம்.

230 வோல்ட் ஒயர் செல்லும் குழாயில் அலாரக் கம்பியைச் சேர்த்து இழுக்கக் கூடாது; மெயின் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம். மின்சாரம் போனாலும் அலாரம் விழித்திருக்க 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று பேனலில் இருக்கும். பேனலும் சென்சார்களும் 100 மில்லிஆம்பியர் எடுத்தால் கணக்குப்படி 70 மணி நேரம். பழைய பேட்டரியில் அது மிகக் குறைவு. ஓட்டுக்கடியில் கொதிக்கும் பரணில் பேனலை வைத்தால், வெப்பம் 10 பாகை கூடுவதற்கு ஆயுள் பாதியாகும் என்ற ஈய-அமில பேட்டரிக் கணக்கு அங்கே வேலையைக் காட்டும். எனவே மாதம் ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்து, அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வாசற்கதவைத் திறந்து பாருங்கள்.