சீட்டுக்குத் துணி மாற்றும் முன் கதவைத் திறந்து பாருங்கள்

போன வாரம் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத சின்னக் கார். உள்ளே பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. தேன் நிறத்தில் ரெக்சின், நடுவில் டைமண்ட் தையல், ஓரமெல்லாம் கறுப்பு பீடிங். வேலை செய்தவருக்குக் கை சுத்தம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் டிரைவர் சீட்டின் சாய்மானத்தில், கதவோரப் பக்கம் இருக்க வேண்டிய ‘எஸ்ஆர்எஸ் ஏர்பேக்’ என்ற துணி லேபிளைக் காணோம். மோதினால் உப்பி ஆளைக் காக்கும் காற்றுப் பை, அதாவது ஏர்பேக், அந்த ஓரத்துக்குள் இருக்கிறது என்று சொல்லும் லேபிள் அது. அதைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, அந்த ஓரத்தை மேலிருந்து கீழ்வரை கெட்டி நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டு மூடியிருந்தார்கள்.

வந்தவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. “அண்ணே, டேஷ்போர்டுல சிவப்பா ஒரு லைட் எரியுது. அதை மட்டும் அணைச்சுக் கொடுத்துடுங்க” என்றார்.

இப்படி வரும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டைத் தண்ணி வற்றுகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

புதுச்சேரியில் கடலூர் சாலையில், மரப்பாலம் தாண்டி எங்கள் குஷன் கடை. அம்பாசடர் சீட்டைப் பிரித்து, ஸ்பிரிங் கட்டி, தேங்காய் நார் அடைத்துத் தைத்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். அப்போது எங்கள் வேலை மோசமாக இருந்தால் உட்காருபவருக்கு இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான். திரும்ப வந்து திட்டுவார், சரிசெய்து கொடுப்போம். இப்போது நிலைமை அப்படியில்லை. சீட்டுக்குள்ளேயே வெடிக்கிற சாமான் இருக்கிறது.

“அதெல்லாம் பெரிய வண்டியில்தானே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் உட்காரும் இருவருக்கும் ஏர்பேக் கட்டாயம் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் புது மாடல்களுக்கு வந்தது. அவை ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் இருப்பவை. எங்கள் கைக்கு அவற்றால் வேலையில்லை. அதன்பிறகு கம்பெனிகள் ஆறு ஏர்பேக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஹூண்டாய் 2023 அக்டோபரிலேயே தன் எல்லா மாடல்களுக்கும் ஆறு என்று அறிவித்துவிட்டது. 2025 மே மாதம் மாருதியின் ஆல்டோ கே10, வேகன்ஆர் வரைக்கும் வந்துவிட்டது. ஆறில் இரண்டு முன்னால், இரண்டு கூரையோரம், மீதி இரண்டு முன் சீட்டுகளின் சாய்மானத்துக்குள். வேகன்ஆர் என்றால் டாக்ஸிக்காரர், ரிட்டயர்டு வாத்தியார், மருந்துக் கடைக்காரர் என்று எல்லோரிடமும் இருக்கிற வண்டி. அவர்களெல்லாம் டெலிவரி எடுத்த வாரமே சீட் கவர் போட வருகிறவர்கள்.

இனி, என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் அந்தப் பேச்சுக்கு வருகிறேன். “துணிதானே அண்ணே, ஏர்பேக் வர்ற வேகத்துல கிழிச்சிக்கிட்டு வந்துடாது?”

படித்தவர்களும் இதைக் கேட்கிறார்கள். என் தொழிலில் இருப்பவர்களே இதைச் சொல்லித்தான் கவரை விற்கிறார்கள். எனவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கிழியுமா என்று கேட்டால், பல சமயம் கிழியும்தான். எப்போது கிழிகிறது, எந்தப் பக்கமாகக் கிழிகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. முன்னால் மோதினால் உங்களுக்கும் மோதுகிற பொருளுக்கும் நடுவில் பானெட், இன்ஜின் எல்லாம் இருக்கின்றன. பக்கவாட்டில் ஒரு லாரியோ மின்கம்பமோ மோதினால் நடுவில் இருப்பது கதவின் தடிமன் மட்டும்தான். அதனால் பக்கவாட்டு ஏர்பேக் முன்னால் இருப்பதைவிட வேகமாக விரிய வேண்டும். ஒரு விநாடியை நூறு பங்கு போட்டால் அதில் ஒன்று, இரண்டு பங்குக்குள் உங்கள் விலாவுக்கும் கதவுக்கும் நடுவே அது வந்து நின்றாக வேண்டும். கண் ஒருமுறை சிமிட்ட இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அந்த ஒரு பங்கு நேரத்தை உங்கள் நைலான் தையலை அறுப்பதில் செலவழித்தால், பை வெளியே வரும்போது கதவு ஏற்கெனவே உங்கள் மேல் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கெட்டித் தையல் எதிர்த்து நின்றால் பை சும்மா இருக்காது, எங்கே இளக்கமோ அங்கே பிதுங்கும். முதுகுப் பக்கம் வரலாம், மேலே தோளை நோக்கி வரலாம். வாசலை அடைத்துவிட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போ என்று சொல்வதுபோலத்தான் இது. ஆகவே “கிழிச்சிக்கிட்டு வந்துடும்” என்று எந்தக் கடையில் சொன்னாலும், அங்கே வண்டியை விடாதீர்கள். அவ்வளவு சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். போதாதென்றால் கடைக்கு வாருங்கள், டீ சொல்லி மறுபடியும் சொல்கிறேன்.

கம்பெனி போட்ட கதவோரத் தையலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. கம்பெனி கவரைக் கழற்றி உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் மற்ற ஓரங்களில் இருப்பது ஒரு நூல், இந்த ஓரத்தில் மட்டும் வேறு நூல், மெல்லியது. குறிப்பிட்ட இழுவை வந்ததும் அறுபட வேண்டும் என்பதற்காகவே போட்டது. தையல் இடைவெளியும் வேறு. பல வண்டிகளில் அந்தத் தையலோடு சேர்த்து, இழுத்தால் நீளாத கெட்டித் துணிப் பட்டை இரண்டு பக்கமும் வைத்துத் தைத்து, மறுமுனையை உள்ளே இரும்புச் சட்டத்தில் மாட்டியிருப்பார்கள். பை உப்பும்போது மேல்துணி ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்துவிடக் கூடாது, இழுவை முழுவதும் அந்த ஒரு தையல் மேலேயே விழ வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கம்பெனியில் இந்த ஒரு ஓரத்தைத் தைக்கத் தனி மெஷின். நூல் எவ்வளவு இறுக்கத்தில் ஓடியது என்பதுகூடப் பதிவாகும். கடைப் பையன் பழைய கவரை உரிக்கும்போது அந்தப் பட்டையை “ஏதோ வேஸ்ட் துணி” என்று குப்பையில் போடுகிறான். மஞ்சக்குப்பத்து வண்டியிலும் அதுதான் நடந்திருந்தது. சட்டத்தில் மாட்டும் கொக்கி மட்டும் வெறுமனே இருந்தது.

“மெல்லிய நூல் போட்டு நீங்களே தைத்துவிடுங்களேன்” என்கிறார்கள். முடியாது. கைத்தொழிலில் எனக்குக் கர்வம் உண்டு. பழைய கவரைத் தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அளவாக வைத்து வெட்டி, வளைந்த ஊசியால் ஓரம் மூடினால் தையல் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எத்தனை கிலோ இழுவையில் அறுபடும் என்று என் விரலுக்குத் தெரியாது. எந்தக் குஷன்காரர் விரலுக்கும் தெரியாது.

அதனால் எங்கள் கடையில் இரண்டே வழிதான். லேபிள் இருக்கும் கதவோரத் துண்டைப் பிரிக்காமல் அப்படியே விட்டு, ஏர்பேக் தையலைத் தொடாமல் நடுப்பகுதியும் மற்ற பக்கமும் மட்டும் மாற்றுவது ஒன்று. கம்பெனியிலிருந்தே அந்தச் சீட்டின் கவரை வரவழைத்து மாட்டுவது இன்னொன்று. முதல் வழியைச் சொன்னால் “ஒரு பக்கம் மட்டும் பழசாத் தெரியுமே” என்று முகம் சுளிக்கிறார்கள். இரண்டாவதற்கு விலையைக் கேட்டு ஓடுகிறார்கள். பல லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியில், பாதுகாப்புக்கென்று கம்பெனி வைத்ததை அடைத்துவிட்டு டைமண்ட் தையல் பார்ப்பது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதைதான்.

மேலே மாட்டும் ரெடிமேட் கவர்களில் ஏர்பேக்குக்கு வழி விட்டவை கிடைக்கின்றன. அந்த இடம் திறந்தே இருந்தால் நல்லது. “ஸ்பெஷல் தையல் சார்” என்றால் நான் நம்புவதில்லை. அப்படி நல்லதாகவே வாங்கினாலும் மாட்டும் பையன் இடது சீட்டுக் கவரை வலதில் மாட்டிவிடுகிறான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வழியோ கதவுப் பக்கம் இல்லாமல் கியர் பக்கம் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கதவைத் திறந்து, திறப்பு உங்கள் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

சரி, அந்தச் சிவப்பு லைட். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருக்கும். மஞ்சள் என்றால் ஏர்பேக் லைன். சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியின் புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருந்து, அப்புறம்தான் அந்த கனெக்டரைத் தொட வேண்டும். அதைப் பிடுங்கிய நிலையில் யாராவது சாவியைப் போட்டுவிட்டால் லைட் பிடித்துக்கொள்ளும். பிறகு பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க முடியும். அதற்குச் சர்வீஸ் சென்டர் போங்கள். டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர் எதையும் அந்த லைனில் வைக்கக் கூடாது. அதிலிருந்து போகிற சின்னக் கரண்டே பையை வெடிக்க வைக்கலாம், குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேராக. பல்பைப் பிடுங்குவது, ரெசிஸ்டர் சொருகி ஏமாற்றுவது எல்லாம் செய்து கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நான் அந்த ஆள் இல்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதையும் பாருங்கள். சாவி போட்டதும் ஏர்பேக் லைட் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம், யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், உட்காரும் இடத்தில் ஃபோமுக்கும் துணிக்கும் நடுவே, பாய் மாதிரி மெல்லிய சென்சார் படுத்திருக்கும். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லையென்றால் கத்துவது அதனால்தான். முன் சீட் இரண்டுக்கும் இந்த எச்சரிக்கை 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். இரண்டு இன்ச் ஃபோம் ஏற்றித் தரச் சொல்கிறவர்கள் கேளுங்கள். சென்சார் குழம்பும், நீங்கள் உயர்வீர்கள், பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறும். உயரம் போதவில்லையென்றால் சீட்டை உயர்த்தும் லீவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. சத்தம் வராமலிருக்கச் சொருகும் போலிக் கொக்கி கேட்டும் வருகிறார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட விளம்பரங்களை எடுக்க வைத்தது அந்தக் கொக்கிக்குத்தான். பெல்ட் போடாவிட்டால் அபராதம் 1000 ரூபாய். பெல்ட்டே போட்டுத் தொலைக்கலாமே ஐயா!

பின் சீட்டில் சாய்மானமும் இருக்கையும் சேரும் இடுக்கில் குழந்தை சீட் மாட்டும் இரும்புக் கம்பிகள் இருக்கும். கவர் போட்டு அதையும் மூடிவிடாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனிக் கதை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் தண்ணீர் ஏறியது. மழை விட்டதும் சீட்டு நாறுகிறது, ஃபோமை மாற்றிப் புதுத் துணி போடுங்கள் என்று வண்டிகள் வரிசையில் நின்றன. நாற்றத்தை நான் போக்கிவிடுவேன். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் ஏர்பேக்கை இயக்கும் பெட்டி கியருக்குப் பக்கத்தில் தரையோடு இருக்கிறது. சீட்டு நனைகிற அளவுக்குத் தண்ணீர் ஏறியதென்றால் அந்தப் பெட்டி அதற்கு முன்பே குளித்திருக்கும், மஞ்சள் கனெக்டரும் குளித்திருக்கும். நம் ஊர் உப்புக் காற்றுக்குச் சாதாரணமாகவே சீட்டுத் துணியைப் பிடித்து நிறுத்தும் ரிங் கிளிப் துருப்பிடித்துப் பொடியாகிறது, கனெக்டர் ஊசி எம்மாத்திரம்? அடுத்த மழைக்கும் இது நடக்கும். முதலில் எலக்ட்ரிக்கல் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள். அழகான புதுத் துணியைப் பார்த்து இன்னொருவர் அந்த வண்டியை விலைக்கு வாங்குவார், பாவம்.

என் தொழில் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தெரியாத மாடல் என்றால் கையை வைக்காதீர்கள். ஒரு வேலை போனால் போகட்டும். சீட்டைத் திரும்ப மாட்டும்போது போல்ட்டை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். பெல்ட் கொக்கி பல வண்டியில் சீட்டோடுதான் சேர்ந்திருக்கிறது.

ஏற்கெனவே கவர் போட்டு ஓட்டுகிறவர்கள் இன்று வண்டி எடுக்கும்போது கதவைத் திறந்து, முன் சீட்டின் கதவோரத்தைத் தடவிப் பாருங்கள். லேபிள் வெளியே தெரிந்து, அதைச் சுற்றித் துணி இறுக்கமாக இல்லையென்றால் நிம்மதியாக ஓட்டுங்கள். லேபிள் கவருக்கு அடியில் போயிருந்தால் முன் சீட் இரண்டின் கவரையும் கழற்றிவிடுங்கள், பின் சீட்டில் வேண்டுமானால் இருக்கட்டும். மாட்டும் கவரென்றால் உங்களுக்கே கழற்ற வரும். வராவிட்டால் எந்தக் குஷன் கடையிலும் கழற்றிக் கொடுப்பார்கள், டீக்காசு வேலை. கம்பெனித் துணியையே பிரித்துத் தைத்திருந்தால் மட்டும் சீட்டோடு வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். பழைய கவரைக் கடைக்காரர் இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.